வளர்த்தவங்களுக்கா, வரிசையில நிக்கிறவங்களுக்கா? அகாடமி பிள்ளைகளைப் பங்கு போடும் கணக்கு

உங்க வீட்டுல பத்துப் பன்னிரண்டு வயசுல ஒரு பிள்ளை இருந்து, சாயங்காலம் ஆனா மட்டையோ பந்தோ தூக்கிக்கிட்டு ஓடுற ரகமா இருந்தா, ‘அகாடமி’ங்கிற வார்த்தை ஏற்கெனவே உங்க வீட்டுக்குள்ள வந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்திருப்பான். மாசக் கட்டணம் எவ்வளவுன்னு விசாரிச்சிருப்பீங்க. ‘அங்க சேர்த்தா நேரா டீம்ல எடுத்துடுவாங்களாமே’ன்னு யாராவது காதுல போட்டிருப்பாங்க.

அந்தக் கடைசி வாக்கியத்துலதான் விஷயமே இருக்கு. ஒரு பெரிய அணி அகாடமி நடத்துது, அதுல ஒரு பிள்ளை நல்லா வருது. அந்தப் பிள்ளை மேல முதல் உரிமை அந்த அணிக்கு இருக்கணுமா? இல்ல, எல்லா அணிகளும் சமமா போட்டி போடுற பொது வரிசைக்கு அந்தப் பிள்ளை வரணுமா? ‘நாங்க விதைச்சோம், நாங்க அறுக்குறோம்’னு ஒரு தரப்பு சொல்லும். ‘நிலம் ஊருக்குப் பொது, உங்களுக்கு மட்டும் எப்படி வேலி?’னு இன்னொரு தரப்பு கேட்கும்.

இந்தச் சண்டையை உலகத்துலயே அதிகமா ஆராய்ஞ்சு, கணக்கு போட்டு, விதியை மாத்தி மாத்தி எழுதின நாடு ஆஸ்திரேலியா. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, நம்ம கபடி லீக்லயும் புதுச்சேரி கிரிக்கெட்லயும் நடக்கிறது சட்டுன்னு புரியும்.

கடைசியில் நிற்பவருக்கு முதல் கவளம்

ஆஸ்திரேலிய ஃபுட்பால்னு ஒரு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பெரிய வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். காலால உதைக்கலாம், கையால குத்தி அனுப்பலாம். அந்த நாட்டுத் தென் மாநிலங்கள்ல இது கிட்டத்தட்ட மதம் மாதிரி. இதோட உச்ச லீக்கான ஏ.எஃப்.எல்.-ல இப்போ 18 அணிகள். 2028-ல டாஸ்மேனியா 19-வதா வரப்போகுது.

அங்கே இளம் வீரர்களை ஏலம் எடுக்கிறதில்ல. 1986-லிருந்து ‘டிராஃப்ட்’னு ஒரு முறை. வருஷக் கடைசியில, அந்த ஆண்டு கடைசி இடம் பிடிச்ச அணி முதல்ல வந்து, நாட்டுலயே சிறந்த இளம் வீரரை எடுத்துக்கும். அடுத்தது கடைசிக்கு முந்தைய அணி. கோப்பை ஜெயிச்ச அணி வரிசையோட வால்ல நிக்கும். பந்தியில நேத்து சாப்பாடு கிடைக்காதவங்களை இன்னைக்கு முதல் வரிசையில உட்கார வைக்கிற மாதிரி. பணக்கார அணியே வருஷா வருஷம் ஜெயிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம்.

ஆனா இதுல ஒரு சிக்கல் வந்தது. சிட்னி, பிரிஸ்பேன் இருக்கிற வட மாநிலங்கள்ல மக்கள் ரக்பி பைத்தியம். அங்கே பிள்ளைங்க இந்த ஆட்டத்தைத் தொடுறதே அபூர்வம். அதனால 2010 வாக்குல வடபகுதியோட நாலு அணிகளுக்கும் லீக் ஒரு ஏற்பாடு செஞ்சு கொடுத்தது. உங்க பகுதியில அகாடமி தொடங்குங்க, சின்ன வயசுலயே பிள்ளைகளைப் புடிங்க, வளருங்க. பதிலுக்கு, டிராஃப்ட்ல அந்தப் பிள்ளை மேல உங்களுக்கு முன்னுரிமை.

ஆறு ஏழு வருஷம் கழிச்சு மத்த அணிகளுக்கும் ‘அடுத்த தலைமுறை அகாடமி’ன்னு ஒண்ணு வந்தது. பழங்குடியினர் பிள்ளைகளுக்கும், ஆசிய, ஆப்பிரிக்கப் பின்னணி கொண்ட குடும்பப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கிறதுதான் அதோட நோக்கம். மெல்போர்ன்ல குடியேறின நம்ம தமிழ்க் குடும்பங்கள் மாதிரியான வீடுகளை மனசுல வெச்சுப் போட்ட திட்டம்னே சொல்லலாம்.

மூணாவது வைரம், சில்லறை விலையில்

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில என்ன ஆச்சுன்னு பாருங்க.

2015-ல விதியைக் கொஞ்சம் இறுக்கினாங்க. டிராஃப்ட்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு. முதல் இடம் 3,000 புள்ளி, மூணாவது இடம் 2,234 புள்ளி, அப்படியே இறங்கிக்கிட்டே போகும். அகாடமி வீரரை வேற அணி ஒண்ணு ‘இந்த இடத்துல எடுக்கிறேன்’னு கேட்டா, வளர்த்த அணி அதுக்கு ஈடான புள்ளிகளைக் கொடுத்துத் தக்க வெச்சுக்கலாம். வளர்த்த உழைப்புக்காக 20 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

அந்த வருஷமே சிட்னி அகாடமியிலிருந்து கேலம் மில்ஸ்னு ஒரு பையன் வந்தார். மெல்போர்ன் அணி அவரை மூணாவது இடத்துல கேட்டது. சிட்னி தன்கிட்ட இருந்த 33, 36, 37-வது இடங்களோட புள்ளிகளை முக்கியமா வெச்சுக் கொடுத்து அவரை எடுத்துக்கிச்சு. அதாவது, நாட்டோட மூணாவது சிறந்த வீரர், யாரும் பெரிசா எதிர்பார்க்காத பின்வரிசை இடங்களைச் சேர்த்துக் கட்டின மூட்டைக்குக் கிடைச்சார். சந்தையில நூறு ரூபாய் நோட்டுக்குத்தான் கிடைக்கும்னு சொன்ன பொருளை ஒருத்தர் சில்லறையைக் கொட்டி, அதுலயும் தள்ளுபடி வாங்கி எடுத்துட்டுப் போனா, வரிசையில நின்னவங்களுக்கு எப்படி இருக்கும்?

2020-ல இன்னும் ஒரு படி மேல. அந்த வருஷத்தோட நம்பர் ஒன் வீரர் ஜமாரா உகிள்-ஹேகன் என்ற பழங்குடி இளைஞர். அடிலெய்டு அணி முதல் இடத்துல அவரைக் கேட்டது. அவரோட அகாடமி உரிமை வெச்சிருந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஈடு கொடுத்து எடுத்துக்கிச்சு. கூச்சல் எழுந்தது. உடனே விதி மாறுச்சு: 2021-ல முதல் 20 இடங்களுக்குள்ள கேட்கப்படுற ‘அடுத்த தலைமுறை’ வீரர்களைத் தக்க வைக்க முடியாது, 2022-ல முதல் 40 இடங்கள். ஆனா வட மாநில அகாடமிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2023-ல கோல்ட் கோஸ்ட் அணி தன் அகாடமியிலிருந்து நாலு முன்னணி இளைஞர்களை ஒரே டிராஃப்ட்ல எடுத்தது. மறுபடி கூச்சல். 2025-ல புள்ளிக் கணக்கைத் திருத்தி, தள்ளுபடியை 10 சதவீதமாக் குறைச்சாங்க.

இதோட ‘அப்பா-மகன்’ விதி வேற. ஒரு அணிக்காக நூறு ஆட்டமாவது ஆடினவரோட மகனை அதே அணி முன்னுரிமையில எடுக்கலாம். பிரிஸ்பேனோட பழைய நட்சத்திரம் மார்கஸ் ஆஷ்கிராஃப்ட். அவரோட மகன் வில் 2022-லயும், இளையவர் லீவை 2024-லயும் பிரிஸ்பேனுக்கே வந்தாங்க. 2024, 2025 ரெண்டு வருஷமும் கோப்பை பிரிஸ்பேனுக்கு. கடைசியில நிக்கிறவங்களைத் தூக்கிவிட வந்த வரிசையில, மேல நிக்கிறவங்களே உள் கதவு வழியா வந்து எடுத்துட்டுப் போறாங்கங்கிறதுதான் மத்த அணிகளோட புகார்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு

அகாடமி நடத்துற அணிகள் சொல்றதைக் கேளுங்க. ‘பத்து வயசுல ரக்பி பக்கம் போயிருக்க வேண்டிய பிள்ளையை நாங்க புடிச்சு, பயிற்சியாளர் சம்பளம், மைதானம், பயணம்னு செலவு பண்ணி வளர்த்திருக்கோம். பதினெட்டு வயசுல வேற ஒருத்தர் வந்து இலவசமா தூக்கிட்டுப் போவார்னா, நாங்க ஏன் வளர்க்கணும்?’ இதுல பொய் இல்ல. பலன் இல்லாத வேலையை எந்த அணியும் ரொம்ப நாள் செய்யாது. முன்னுரிமையைப் பிடுங்கினா அகாடமியும் மெல்ல மூடும். அப்போ முதல்ல நஷ்டப்படுறது யாரும் தேடிப் போகாத ஊர்ப் பிள்ளைதான்.

மத்த அணிகள் சொல்றதையும் கேளுங்க. ‘அந்தப் பையன் எப்படியும் இந்த ஆட்டத்துக்கு வந்திருப்பான். அவன் திறமை உங்க அகாடமி கொடுத்ததா, அவன் அம்மா அப்பா கொடுத்ததா? வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சி கொடுத்துட்டு உரிமை கொண்டாடுறீங்களே?’ இதுலயும் பொய் இல்ல. புதுசா ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது வேற. ஏற்கெனவே ஜொலிக்கிற பிள்ளை மேல முத்திரை குத்துறது வேற. ரெண்டுக்கும் ஒரே பரிசு கொடுக்கிறதுதான் இந்த விதிகளோட பெரிய ஓட்டை.

இதைத்தான் நீங்க மனசுல வெச்சுக்கணும்: அந்த அகாடமி இல்லேன்னா இந்தப் பிள்ளை இந்த ஆட்டத்துக்கே வந்திருக்குமா? ‘வந்திருக்காது’ன்னா முன்னுரிமை நியாயம். ‘எப்படியும் வந்திருக்கும்’னா அது சலுகை.

நம்ம ஊரு டிராஃப்ட்

இந்தியாவுலயும் ஒரு டிராஃப்ட் நடந்திருக்கு. 2008, ஐ.பி.எல். முதல் வருஷம். 19 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை ஜெயிச்சுட்டு வந்த பசங்களை ஏலம் விடாம, வரிசை போட்டு அணிகள் எடுத்தாங்க. டெல்லி அணி தன் முறை வந்தப்போ, சொந்த ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுட்டு, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி 30,000 டாலருக்கு பெங்களூருக்குப் போனார். மீதி உங்களுக்கே தெரியும். சொந்த ஊர்ங்கிறதாலயே அணி பிள்ளையை மதிச்சு எடுத்துடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

ஆனா அகாடமி முன்னுரிமைக்கு நம்மகிட்ட இருக்கிற சரியான உதாரணம் கிரிக்கெட் இல்ல, கபடி. புரோ கபடி லீக்ல ‘புதிய இளம் வீரர்கள்’னு ஒரு பிரிவு. பெரிய வீரர்கள் ஏலத்துக்கு வருவாங்க. இந்தப் புது முகங்களை அணிகள் ஏலத்துக்கு வெளியிலயே ஒப்பந்தம் போட்டுக்கலாம். அடுத்தடுத்த பருவங்கள்ல தக்க வெச்சுக்கவும் வழி இருக்கு. அதனால அணிகள் இளையோர் அணிகளையே நடத்த ஆரம்பிச்சாங்க. புனேவுக்கு ‘யுவ பல்டன்’, மும்பைக்கு ‘யுவ மும்பா’, ஹரியானாவுக்கு ‘ஜூனியர் ஸ்டீலர்ஸ்’.

பலன்? புனேரி பல்டன் அணிக்கு அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் எல்லாம் இப்படிப் புது முகங்களா வந்தவங்கதான். 2024 மார்ச் 1-ம் தேதி ஹைதராபாத்துல ஹரியானாவை 28-25-னு ஜெயிச்சுக் கோப்பை தூக்கினப்போ, அணித் தலைவர் அதே அஸ்லாம். 2018-ல புது முகமா டெல்லிக்கு வந்த நவீன் குமார்தான், 2022-ல அந்த அணி கோப்பை ஜெயிக்கிறதுக்கு முதுகெலும்பா இருந்தார். கோடிக்கணக்குல ஏலம் எடுத்துட்டு மத்த அணிகள் முழிக்க, விதைச்சவங்க அமைதியா அறுத்தாங்க.

இப்போ ஆஸ்திரேலியாவோட இதை வெச்சுப் பாருங்க. அங்கே அகாடமி பிள்ளையை எடுக்கணும்னா, வெளிய ஒருத்தர் கேட்ட விலைக்கு ஈடு கொடுக்கணும். தள்ளுபடி இருக்கலாம், ஆனா விலைன்னு ஒண்ணு எல்லார் முன்னாடியும் தெரியும். இங்கே புது முகம் உள்ள வரும்போது வெளிய யாரும் விலை கேட்கிறதே இல்ல. அதனால அந்தப் பையனோட உண்மையான சந்தை மதிப்பு அவனுக்கும் தெரியாது, அவன் வீட்டுக்கும் தெரியாது. அதே நவீன் குமார் 2025 ஏலத்துக்கு வந்தப்போ ஹரியானா 1.20 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது. திறந்த சந்தைன்னா என்னன்னு அன்னைக்குத் தெரிஞ்சது. அதுக்கு நடுவுல எத்தனை பருவம் ஓடிப்போச்சு!

ரெண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். ஆஸ்திரேலிய அகாடமிக்கு எல்லை உண்டு. ‘உன் பகுதிப் பிள்ளைகளைத்தான் வளர்க்கணும்’னு கோடு போட்டிருக்காங்க. கபடியில அந்தக் கோடு கிடையாது. நம்ம தமிழ் தலைவாஸ் 2022-ல கண்டுபிடிச்ச பெரிய புது முகம் நரேந்தர். அந்த ஒரே பருவத்துல 243 ரெய்டு புள்ளி. அறிமுக வீரர் யாரும் தொடாத உயரம். அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையா அரையிறுதிக்கும் போச்சு. அருமையான வீரர். ஊர் ஹரியானா.

நரேந்தர் மேல எந்தத் தப்பும் இல்ல. அணி மேலயும் விதிப்படி தப்பு இல்ல. ஆனா பேருல ‘தமிழ்’னு போட்டுக்கிட்ட அணிக்கு, தஞ்சாவூர்லயோ தூத்துக்குடியிலயோ கடலூர்லயோ போய்ப் பிள்ளை தேடணும்னு எந்த நிர்ப்பந்தமும் இல்ல. முன்னுரிமை இருக்கு, கடமை இல்ல. வேலி போட அனுமதி இருக்கு, விதைக்கணும்கிற கட்டளை இல்ல.

கோடு போட்டா என்ன நடக்கும்னு பார்க்கணுமா? தமிழ்நாடு பிரீமியர் லீக்கைப் பாருங்க. 2016-ல தொடங்கினது. வெளிமாநில வீரர்களுக்கு அங்கே இடமில்ல. அதனால எட்டு அணிகளும் மாவட்டம் மாவட்டமா பார்த்தே ஆகணும். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த முதல் பருவத்துல யார்க்கர் போட்டதைப் பார்த்துத்தான், 2017 ஐ.பி.எல். ஏலத்துல 10 லட்சத்துல ஆரம்பிச்சு 3 கோடிக்குப் போனார். வருண் சக்கரவர்த்தி 2019 பருவத்துக்கான ஏலத்துல 8.4 கோடி. எல்லைக் கோடுங்கிறது சில நேரம் குறுகலான மனசு. சில நேரம் யாரும் பார்க்காத பிள்ளைக்கு ஒரே ஜன்னல்.

கோடு காகிதத்தில் மட்டும் இருந்தால்?

இப்போ நம்ம புதுச்சேரிக்கு வருவோம். இங்கே கோடு இருக்கு. அது எங்கே இருக்குங்கிறதுதான் பிரச்னை.

2018-ல புதுச்சேரிக்கு இந்திய கிரிக்கெட் வாரியத்தோட அங்கீகாரம் கிடைச்சது. அந்த 2018-19 பருவத்துலயே ரஞ்சிக் கோப்பைக்குள்ள நுழைஞ்சோம். புது அணிங்கிறதால அனுபவசாலிகள் வேணும்னு வெளியிலிருந்து தொழில்முறை வீரர்களை எடுத்துக்க வாரியமே அனுமதி கொடுத்தது. பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா, அப்புறம் வினய் குமார்னு பலர் வந்தாங்க. இது வெளிப்படையான ஏற்பாடு, தப்பே இல்ல. மத்த இடங்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குங்கிறதுதான் கணக்கு.

ஆனா முதல் மாசமே சிக்கல். 2018 செப்டம்பர்ல விஜய் ஹசாரே முதல் ஆட்டத்துக்குப் பிறகு, தகுதி விதி பொருந்தலைன்னு எட்டு வீரர்களோட பதிவை வாரியம் ரத்து செஞ்சது. அதோட முடிஞ்சதா? 2025 டிசம்பர்ல ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கல்லூரிச் சேர்க்கை, வேலைச் சான்று, மாத்தின ஆதார் முகவரி மூலமா வெளிமாநில வீரர்கள் ‘உள்ளூர்’ ஆக்கப்படுறாங்க, இதுல தனியார் அகாடமிகளோட கையும் இருக்குங்கிறது அதோட சாரம். 2021-லிருந்து ஆடின 29 ரஞ்சி ஆட்டங்கள்ல, புதுச்சேரியில பிறந்த வீரர்கள் ஐந்தே பேர்தான் இடம்பெற்றாங்கன்னும் அது சொன்னது.

இது ஒரு நாளிதழோட செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு இல்ல. ஒரு இளைஞன் பிழைப்புக்காக ஊர் மாறி ஆடுறதும் குத்தம் இல்ல. நம்ம பிள்ளைங்களும் சென்னைக்குப் போய் ஆடுறாங்கதானே? ஆனாலும் அந்தச் செய்தி எழுப்பின கேள்வி சும்மா போற கேள்வி இல்ல. ஆஸ்திரேலியாவுல, ‘உன் பகுதிப் பிள்ளையை வளர்த்தா உனக்கு முன்னுரிமை’. அந்தச் செய்தி சொல்றது உண்மைன்னா, இங்கே அதைத் தலைகீழாத் திருப்பிட்டாங்க. ‘வளர்ந்த பிள்ளையைக் கொண்டுவா, பகுதியை நாம காகிதத்துல வளர்த்துக்கலாம்.’

காலாப்பட்டுக்காரங்களுக்கு இந்த வலி புதுசில்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில பல்கலைக்கழகம் நிக்குது. நாடு முழுக்க இருந்து பிள்ளைங்க வந்து படிக்கிறாங்க, அது நம்ம ஊருக்குப் பெருமை. ஆனா புதுச்சேரி மாணவர்களுக்கு 25 சதவீத இடம் சில பாடப்பிரிவுகள்லதான். எல்லாத்துலயும் வேணும்னு மாணவர் அமைப்புகள் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க. வாசல் நம்ம ஊர்ல, வரிசை நாடு முழுக்க. கிரிக்கெட்லயும் அதே கதைதான். துத்திப்பட்டுல நல்ல மைதானம் இருக்கு. அதுல நம்ம தெருப் பிள்ளை எத்தனை பேர் ஓடுறாங்கங்கிறதுதான் கேள்வி.

யாரும் கேட்காத மூணாவது ஆள்

இவ்வளவு தூரம் படிச்சதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ஆஸ்திரேலியாவுல நடக்கிற வாதம் எல்லாம் அணிக்கும் அணிக்கும் நடுவுல நியாயம் இருக்காங்கிறது பத்தி. பிரிஸ்பேனுக்கு அதிகம் கிடைச்சுதா, மெல்போர்னுக்குக் குறைஞ்சுதா? நடுவுல நிக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளைகிட்ட ‘உனக்கு இது நியாயமா?’ன்னு கேட்கிற குரல் ரொம்ப மெல்லிசு.

டிராஃப்ட்ல போற பிள்ளைக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இல்ல. எந்த அணி கூப்பிடுதோ அங்கே போகணும். அந்த வகையில அகாடமி முன்னுரிமை சில பிள்ளைகளுக்கு வரம்: வீட்டுக்குப் பக்கத்துலயே ஆடலாம். ஆனா அதே முன்னுரிமை, வேற யாரும் விலை பேச முடியாத கதவாவும் மாறும். வரமா சாபமாங்கிறது ஒப்பந்தக் காகிதத்துல இருக்கு.

அதைவிடப் பெரிய அநியாயம், அகாடமி வாசலையே பார்க்காத பிள்ளைக்கு. பஸ் செலவு, ஷூ, சத்தான சாப்பாடு, வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள். இது நாலும் இருக்கிற வீட்டுப் பிள்ளைதான் அகாடமிக்குப் போகுது. பெண் பிள்ளைன்னா தடை இன்னும் ஒண்ணு கூடும். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில தங்கம் ஜெயிச்ச இந்தியக் கபடி அணியோட துணைத் தலைவி, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. மறுகுடியமர்த்தப்பட்ட மக்களோட குடியிருப்பிலிருந்து, அங்கேயே ஆடிப் பழகி வந்த பொண்ணு. ஆண்கள் அணியில தங்கம் வாங்கின அபினேஷ், திருவாரூர் மாவட்டம் வடுவூர்க்காரர். தமிழ்நாடு அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. சந்தோஷம். ஆனா ஜெயிச்சு வந்த பிறகு வர்ற பணம் பரிசு. ஜெயிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பணம்தான் வாய்ப்பு. அது வர்ற வழியைப் பத்தித்தான் நாம பேசிக்கிட்டு இருக்கோம்.

ஆளைக் கட்டாதே, காசைக் கொடு

அப்போ தீர்வு? உலகக் கால்பந்து இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. ஒரு வீரர் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 வயசுலிருந்து அவரை வளர்த்த கிளப்புகளுக்கு பயிற்சி ஈட்டுத்தொகை கிடைக்கும். பின்னாடி அவர் பெரிய தொகைக்கு அணி மாறும்போது, அந்தத் தொகையில 5 சதவீதம், அவரை 12-லிருந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிச்சுப் போகும். பிள்ளை எங்க வேணாலும் போகலாம். விதைச்சவங்க கை வெறுமையா இருக்காது.

இதுல ஓட்டையே இல்லேன்னு சொல்லல. சின்னக் கிளப்புகள் தங்களுக்கு வரவேண்டியதை வாங்கவே அல்லாடுறதுண்டு. ஆனா அடிப்படை எண்ணம் சரி: உழைப்புக்குக் கூலி கொடு, ஆளை அடமானம் வாங்காதே. நம்ம கபடி லீக்ல புது முகமா வந்த ஒரு வீரர் பின்னாடி ஏலத்துல கோடிக்குப் போகும்போது, அதுல ஒரு சின்னப் பங்கு அவருக்கு முதல்ல மண்ணுல கோடு போட்டுக் கொடுத்த கிராமத்துக் குழுவுக்குப் போனா எப்படி இருக்கும்? காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், பிள்ளைச்சாவடி மாதிரி ஊர்கள்ல இளைஞர் மன்றங்கள் இன்னும் கொஞ்சம் தெம்பா விளக்கு போட்டு ஆட்டம் நடத்தும்.

புதுச்சேரி கிரிக்கெட்டுக்கு இன்னும் எளிய மருந்து இருக்கு. ‘உள்ளூர்’ங்கிறதை முகவரியை வெச்சு முடிவு பண்ணாம, எத்தனை வருஷம் இங்கே பள்ளியில படிச்சு, வயசுப் பிரிவு ஆட்டங்கள்ல ஆடியிருக்காங்கங்கிறதை வெச்சு முடிவு பண்ணலாம். ஆதார் முகவரியை ஒரு வாரத்துல மாத்தலாம். ஆறாவதுலிருந்து பத்தாவது வரைக்குமான பள்ளிப் பதிவேட்டை அவ்வளவு லேசா உருவாக்க முடியாது. அணித் தேர்வுப் பட்டியலோட இந்த விவரத்தையும் வெளியிட்டா, பாதிச் சந்தேகம் தானா அடங்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி

விதி மாறுறப்போ மாறட்டும். நாளைக்கே உங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு அகாடமி வாசல்ல நிக்கப் போறீங்கன்னா, நாலு விஷயத்தைக் கூச்சப்படாம கேளுங்க.

ஒண்ணு, ‘இங்கே பயிற்சி எடுத்தா வேற எந்த அணித் தேர்வுக்கும் போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கா? இருந்தா எத்தனை வருஷத்துக்கு?’ ரெண்டு, ‘போன மூணு வருஷத்துல இங்கிருந்து மாவட்ட, மாநில அணிக்குப் போன பிள்ளைங்க யாரு? அவங்க இங்கே எந்த வயசுல சேர்ந்தாங்க?’ பதினேழு வயசுல சேர்ந்து பதினெட்டுல தேர்வானவரை அந்த அகாடமி வளர்க்கல, முத்திரைதான் குத்தியிருக்கு. மூணு, ‘காயம் பட்டா செலவு யாருது?’ நாலு, ‘பாதியில விட்டுட்டுப் போனா என்ன?’ பதில் சொல்லத் தயங்குற இடத்துல நீங்க பணம் கட்டத் தயங்குங்க. ‘சர்ட்டிஃபிகேட், முகவரி எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’னு சிரிச்சுக்கிட்டே சொல்ற இடத்துல நிக்கவே நிக்காதீங்க. இன்னைக்கு உங்க பிள்ளைக்காக வளையிற விதி, நாளைக்கு வேற ஒருத்தருக்காக வளைஞ்சு உங்க பிள்ளையையே வெளிய தள்ளும்.

அதோட, வாய்மொழியா சொல்றதை எழுதித் தரச் சொல்லுங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைக்குப் பெத்தவங்களோ காப்பாளரோதான் கையெழுத்துப் போடணும். அந்தப் பேனா உங்க கையில இருக்கிற வரைக்கும்தான் பேரம் உங்க பக்கம்.

ஆஸ்திரேலியாக்காரங்க நாப்பது வருஷமா புள்ளி போட்டு, தள்ளுபடி போட்டு, அதைக் குறைச்சு, இன்னும் சரியான கணக்குக்கு வரல. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. அங்கே விதி ஊரறிய மாறுது. யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியுது. தப்புன்னா சத்தம் போட முடியுது. நமக்கு முதல்ல வேண்டியது அந்த வெளிச்சம்தான். பங்கு சரியா தப்பாங்கிற சண்டையை அப்புறம் போடலாம், முதல்ல தராசு நம்ம கண்ணுக்குத் தெரியட்டும்.